தூங்கவிடாத செயலிகள்: கைப்பேசி பேட்டரி எங்கே போகிறது?

2025 நவம்பரில் கூகுள் ஒரு விதியை அறிவித்தது. பேட்டரியை அளவுக்கு மீறித் தின்னும் ஆண்ட்ராய்டு செயலிகளை, 2026 மார்ச் 1 முதல், பிளே ஸ்டோரின் பரிந்துரைகளிலிருந்து ஒதுக்கிவைக்கலாம். சில செயலிகளின் பக்கத்தில் எச்சரிக்கையும் போடலாம் என்பது அதன் சாரம். எச்சரிக்கை இல்லாத செயலி என்றால் பேட்டரிக்குப் பாதகமில்லை என்று பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அப்படியானால், எந்தச் செயலியிலும் எச்சரிக்கை காணாத ஒரு கைப்பேசி மாலை நான்கு மணிக்கே சிவப்புக்கோட்டைத் தொடுவது ஏன்?

அந்த விதி அளப்பது ஒரே ஒரு குற்றத்தைத்தான். மற்றவை அதன் கண்ணில் படாது.

விதி எதை அளக்கிறது?

திரையை அணைத்துச் சட்டைப்பையில் போட்ட சில நொடிகளில் கைப்பேசியின் பிராசசர் தூங்கப் போகிறது. ஏதாவது ஒரு செயலிக்கு முடிக்க வேண்டிய வேலை பாக்கியிருந்தால், 'நான் முடிக்கும்வரை தூங்காதே' என்று அது ஆண்ட்ராய்டிடம் கேட்டுப் பிடித்துவைக்கும். இந்தப் பிடிக்குப் பெயர் வேக் லாக். கேட்பதில் தப்பில்லை. வேலை முடிந்தும் பிடியை விடாமல் இருப்பதும், பதில் தராத சர்வருக்காக மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டு காத்திருப்பதும்தான் தப்பு.

கூகுளின் கணக்கு இது:

1. 24 மணி நேரத்தில் ஒரு செயலி பின்னணியில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் வேக் லாக் பிடித்திருந்தால் அந்தப் பயனரின் அமர்வு (அதாவது அந்த ஒரு நாள் பயன்பாடு) 'அதிகம்' என்று பதிவாகும்.
2. கடந்த 28 நாள்களின் அமர்வுகளில் 5 விழுக்காட்டுக்கு மேல் அப்படி இருந்தால் அந்தச் செயலி வரம்பைத் தாண்டியதாகப் பொருள்.
3. பாட்டு ஒலிப்பது, இருப்பிடம் அறிவது, பயனரே தொடங்கிய பதிவேற்றம், பதிவிறக்கம் ஆகியவற்றுக்காகப் பிடித்த நேரம் கணக்கில் சேராது.

மூன்றாவதைத்தான் கவனிக்க வேண்டும். நாள் முழுக்க இருப்பிடம் கேட்கும் ஒரு செயலி பேட்டரியைக் காலி செய்தாலும் இந்த விதிப்படி அது நல்ல பிள்ளை.

கையிருப்பு எவ்வளவு?

பெட்டியில் 5000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கும். அதை பேட்டரியின் சராசரி மின்னழுத்தமான சுமார் 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 19 வாட்-மணி வரும். செலவைக் கணக்கிட இந்த எண்தான் வசதி. மாடலுக்கு மாடல் மாறும் என்றாலும், செலவின் அளவு ஏறக்குறைய இப்படி:

நன்றாகத் தூங்கும்போது 0.1 வாட்டுக்குக் கீழே. மிதமான வெளிச்சத்தில் செய்தி படிக்கும்போது 1 வாட்டை ஒட்டி. வெயிலில் திரை பளிச்சென்று எரிய, வழிகாட்டி ஓட, டேட்டாவும் ஓடினால் 3 வாட். கனமான கேம் என்றால் 4, 5 வாட்கூட.

19-ஐ இவற்றால் வகுத்துப் பாருங்கள். தூக்கத்தில் எட்டு நாள் தாங்க வேண்டிய கைப்பேசி, வழிகாட்டிக்கு ஆறு மணி நேரமும் கேமுக்கு நான்கு மணி நேரமும்தான் தாங்கும். 3 வாட் செலவு கண்ணுக்குத் தெரிகிற செலவு. திரையைப் பார்த்துக்கொண்டேதான் செய்கிறோம். குழப்பம் வருவது 0.1 வாட்டில் இருக்க வேண்டியது சத்தமில்லாமல் 0.4 ஆகும்போது.

(பவர் பேங்க் வாங்குவோருக்கும் இதே கணக்குத்தான். 10000 என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு. அதாவது 37 வாட்-மணி. 5 வோல்ட்டாக மாற்றும்போதும் கைப்பேசிக்குள் போகும்போதும் கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். 5000 கொள்ளளவுள்ள கைப்பேசியை இரண்டு முறை நிரப்பாது, ஒன்றரை முறைதான். ஏமாற்று அல்ல, இயற்பியல்.)

கூட்டிப் பெருக்கித் தள்ளுவதால் என்ன ஆகும்?

திறந்திருக்கும் செயலிகளை வரிசையாக மேலே தள்ளி மூடுவது பலருக்குக் கைப்பழக்கம். பெரும்பாலும் அது வீண்வேலை. பின்னால் நிற்கும் செயலி நினைவகத்தில் உறைந்து கிடக்கிறது. அங்கே கிடப்பதற்கு மின்சாரம் கேட்பதில்லை. தள்ளி மூடிவிட்டு அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடி திறந்தால், எல்லாவற்றையும் அடியிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும். ஐபோனில் இப்படிச் செய்தால் பேட்டரி மிச்சமாகுமா என்று 2016-இல் ஒரு பயனர் கேட்டதற்கு, ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி 'இல்லை' என்றுதான் பதில் எழுதினார். மாட்டிக்கொண்டு சூடேற்றும் ஒரு செயலியை மட்டும் மூடுவது வேறு விஷயம், அதைச் செய்யலாம்.

'பேட்டரி சேவர்', 'கிளீனர்' என்ற பெயரில் வரும் செயலிகள் இதே வீண்வேலையைத் தானியங்கியாகச் செய்கின்றன. அதற்காக அவையும் தூங்காமல் காவல் இருக்கின்றன, இடையில் விளம்பரமும் காட்டுகின்றன. அழித்துவிடுவதே நல்லது.

உண்மையான மிச்சத்தை ஆண்ட்ராய்டே செய்கிறது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0-இலிருந்து 'டோஸ்' என்ற ஏற்பாடு இருக்கிறது: கைப்பேசி அசையாமல், திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல் கிடந்தால், செயலிகளின் வேலைகளை எல்லாம் நிறுத்திவைத்து, இடைவெளி விட்டு ஒரே நேரத்தில் கொத்தாகச் செய்யவைக்கும். செய்தி வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு செயலியும் தனித்தனியே போய்ப் பார்ப்பதும் இல்லை. ஆண்ட்ராய்டில் கூகுளும் ஐபோனில் ஆப்பிளும் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக வைத்திருக்கும் ஒரே இணைப்பு வழியாக அறிவிப்பு வருகிறது.

ஆனால் அந்த ஒரே இணைப்பிலும் நாளுக்கு நானூறு அறிவிப்பு வந்தால் நானூறு முறை விழிப்புத்தான். குடும்பக் குழு, கோயில் நிர்வாகக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, பழைய மாணவர் குழு என்று வாட்ஸ்அப்பில் இருபது குழுக்கள். விடியற்காலையிலேயே பூவும் விளக்குமாக 'காலை வணக்கம்' படங்கள். ஒவ்வொன்றும் திரையை எரியவிட்டு, படத்தை இறக்கி, கேலரியில் சேர்த்து, அங்கிருந்து புகைப்படக் காப்புக்கும் போகிறது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதிக்குப் போய், தானாக இறங்கும் படம், வீடியோ இரண்டையும் அணைத்துவிட்டால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும். யாருடைய மனமும் நோகாது. படம் மங்கலாக நிற்கும், தொட்டால் இறங்கும்.

ரேடியோவின் வால்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

கைப்பேசி 4ஜி வழியாக ஒரு சிறு தகவலை அனுப்பி முடித்த உடனே ரேடியோ அணைவதில்லை. அடுத்த தகவல் வரலாம் என்று நெட்வொர்க் அதைச் சில நொடிகள், வழக்கமாகப் பத்து நொடியை ஒட்டி, தயார் நிலையில் வைத்திருக்கும். இதைத்தான் 'டெயில்', அதாவது வால் என்கிறார்கள். தலை ஒரு நொடி, வால் பத்து நொடி.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வானிலையைப் புதுப்பிக்கும் ஒரு விட்ஜெட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் 288 முறை. வாலை மட்டும் கூட்டினால் 2880 நொடி, அதாவது 48 நிமிடம் ரேடியோ விழித்திருக்கிறது. இறங்கிய தகவலோ ஒரு புகைப்பட அளவுகூட இருக்காது. இதே போல மூன்று செயலிகள், ஒன்றின் வால் முடிந்தபின் மற்றொன்று என்று ஓடினால் 2 மணி 24 நிமிடம். இந்த நேரத்தில் பிராசசர் தூங்கியிருக்கலாம், வேக் லாக் எதுவும் இல்லாமல் இருக்கலாம். எனவே கூகுளின் புதிய கணக்கில் இது வராது.

ஒரே மூச்சில் 50 மெகாபைட் பாட்டை இறக்குவதைவிட, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 5 கிலோபைட் கேட்பது அதிகம் தின்பதற்குக் காரணம் இதுதான். டேட்டா பயன்பாட்டுப் பட்டியலில் அடியில் கிடக்கும் செயலியே பேட்டரியின் பெரிய எதிரியாக இருக்கலாம். இலவசக் கேம்களும் டார்ச் செயலிகளும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை விளம்பரத்தை மாற்றும்போது நடப்பதும் இதேதான். 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, சில பிரபல இலவசச் செயலிகள் செலவழித்த மின்சாரத்தில் 65 முதல் 75 விழுக்காடு விளம்பர, கண்காணிப்புப் பகுதிகளுக்கே போனதாகக் கண்டது. கேம் விளையாடியதற்கு மிச்சம்தான்.

வைஃபையில் இந்த வால் மிகக் குட்டை. வீட்டில் வைஃபை இருக்கும்போது அதில் இணைந்திருப்பதே பேட்டரிக்கு நல்லது.

லாக்கருக்குள் வைத்தது ஏன் கரைகிறது?

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் உற்பத்தி வரிசையில் நிற்பவர்கள் பலர் ஷிப்ட் தொடங்கும்போது கைப்பேசியை இரும்பு லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். 12 மணி நேரம் யாரும் தொடவில்லை. காலையில் 85 விழுக்காடு, மாலையில் 55. 'சும்மா கிடந்ததே' என்று பேட்டரியையோ கடைசியாகப் போட்ட செயலியையோ சந்தேகிப்பது இயல்பு.

அது சும்மா கிடக்கவில்லை. இரும்புப் பெட்டி ரேடியோ அலையைத் தடுக்கிறது; காற்றுக்கான பிளவுகள் வழியாகக் கொஞ்சம் கசிகிறது. கைப்பேசிக்கு ஒரு கோடு சிக்னல் வருகிறது, போகிறது. போனால் எல்லா அலைவரிசைகளிலும் கோபுரத்தைத் தேடுகிறது. கிடைத்தால் பதிவு செய்கிறது. கோபுரத்துக்குத் தன் குரல் எட்ட வேண்டும் என்று அதிகபட்ச விசையில் கத்துகிறது. 4ஜியில் கைப்பேசி வெளிவிடும் அலையின் உச்சம் வழக்கமாக 200 மில்லிவாட். அந்த 200-ஐ வெளியே தள்ள உள்ளே இருக்கும் பெருக்கி அதைப்போல் பல மடங்கு குடிக்கும். சிக்னல் அறவே இல்லாத இடத்தைவிட வந்து வந்து போகும் இடம்தான் மோசம்.

லாக்கரில் வைக்குமுன் ஃபிளைட் மோடு. அவ்வளவுதான் மருந்து. அவசர அழைப்புக்கு வீட்டாரிடம் மேற்பார்வையாளரின் எண்ணைக் கொடுத்துவைத்தால் போதும். லாக்கருக்குள் மணி அடித்தாலும் யாருக்குக் கேட்கப்போகிறது?

கோலாலம்பூரில் இதே கதை வேறு உருவில். கிளானா ஜெயா எல்.ஆர்.டி. தடத்தில் மஸ்ஜிட் ஜாமெக்கிலிருந்து அம்பாங் பார்க் வரை ஐந்து நிலையங்கள் நிலத்தடி. ரயில் ஓட ஓட இணைப்பு கைமாறிக்கொண்டே இருக்கும் அந்த நேரத்தில்தான் பலர் வீடியோ பார்க்கிறார்கள். முன்கூட்டியே இறக்கிவைத்ததைப் பார்த்தால் செலவு குறையும். அடுக்குமாடி வீட்டின் உள்ளறையில் சிக்னல் ஒரு கோடுதான் என்றால், வைஃபை காலிங் வசதியை இயக்குங்கள். அழைப்புகள் வீட்டு இணையம் வழியே வரும், ரேடியோ கத்த வேண்டியதில்லை.

தைப்பூசத்தன்று பத்துமலையிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் நிலைமை வேறு. கோடுகள் முழுதாக இருக்கும், ஆனால் எதுவும் நகராது. சிக்னல் போதும், இடம்தான் போதாது. ஒரே கோபுரத்தை ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் பங்கு போடுகின்றன. 60 பிரேம் வேகத்தில் 4கே வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 400 மெகாபைட். காவடியை ஐந்து நிமிடம் எடுத்தால் 2 ஜிகாபைட். அதைப் புகைப்படக் காப்புச் செயலி மொபைல் டேட்டாவில் ஏற்றப் பார்க்கும், பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும். வெயிலில் திரை உச்ச வெளிச்சத்தில், கேமரா ஓட, ரேடியோ விடாமல் முயல, பத்துமலையின் 272 படி ஏறி இறங்குவதற்குள் பேட்டரி படுத்துவிடும். அன்றைக்கு மட்டுமாவது 'மொபைல் டேட்டாவில் காப்பு' என்பதை அணைத்துவிட்டு, 1080பி அளவில் எடுங்கள். 30 பிரேமில் நிமிடத்துக்கு 60 மெகாபைட்தான். அனுப்புவதை வீட்டு வைஃபைக்கு விட்டுவிடலாம்.

பட்டியலைத் தவறாகப் படிப்பது

செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தில் 'வாட்ஸ்அப் 40 விழுக்காடு' என்று இருந்தால் பேட்டரியில் 40 போய்விட்டது என்று பொருளல்ல. பல கைப்பேசிகளில் அது செலவானதில் பங்கு. செலவானது 30 என்றால் வாட்ஸ்அப் எடுத்தது 12. அதையும் இரண்டு மணி நேரம் பேசியதற்காக எடுத்திருந்தால் குற்றமே இல்லை.

பார்க்க வேண்டியது வேறு எண். செயலியின் பெயரைத் தொட்டால் திரையில் இருந்த நேரம், பின்னணியில் இருந்த நேரம் என்று இரண்டு வரும். திரையில் 4 நிமிடம், பின்னணியில் 3 மணி என்று இருக்கும் செயலிதான் பிடிக்க வேண்டிய ஆள். பாட்டுச் செயலி என்றால் விட்டுவிடுங்கள், வேலையே அதுதான்.

ஓர் இரவுச் சோதனை:

1. இரவு 11 மணிக்கு விழுக்காட்டைக் குறித்துக்கொண்டு, சார்ஜரில் போடாமல், வைஃபையில் விட்டுத் தூங்குங்கள்.
2. காலை 6 மணிக்கு, திறக்கும் முன் மறுபடி பாருங்கள்.
3. 7 மணி நேரத்தில் 2 முதல் 4 விழுக்காடு இறங்கியிருந்தால் ஆரோக்கியம். 3 என்றால் சராசரி 0.08 வாட்.
4. 15 இறங்கியிருந்தால் சராசரி 0.4 வாட். யாரோ இரவெல்லாம் விழித்திருந்திருக்கிறார்கள்.
5. மறுநாள் இரவு ஃபிளைட் மோடில் வைத்து அதே சோதனை. இறக்கம் நின்றுவிட்டால் காரணம் இணையமும் சிக்னலும். அப்போதும் இறங்கினால் கைப்பேசிக்குள்ளேயே ஏதோ ஓடுகிறது, அல்லது பேட்டரி கிழடாகிவிட்டது.

ஒரு விதிவிலக்கு: பெரிய சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். புகைப்படங்களை மறுபடி வகைப்படுத்துவது, செயலிகளைத் திரும்பத் தயார்செய்வது எல்லாம் அப்போது பின்னணியில் நடக்கும். 'அப்டேட் போட்டேன், பேட்டரி போச்சு' என்ற புலம்பலில் பாதி இந்த மூன்று நாள் புலம்பல்.

எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது

ஆண்ட்ராய்டில் செயலியின் தகவல் பக்கத்தில் பேட்டரி என்ற இடத்தில் அன்ரிஸ்ட்ரிக்டட், ஆப்டிமைஸ்டு, ரிஸ்ட்ரிக்டட் என்று மூன்று நிலைகள் உண்டு. சாம்சங்கில் கூடுதலாக 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியல். ஷாப்பிங், கேம், உணவுக் கூப்பன், எப்போதோ பார்க்கிங்குக்குப் போட்ட செயலி ஆகியவற்றை ரிஸ்ட்ரிக்டட்டில் போடுங்கள். ஐபோனில் இதற்கு இணை, 'பேக்ரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ்' பட்டியலில் அவற்றை அணைப்பது. இருப்பிட அனுமதியில் 'எப்போதும்' என்றிருப்பதை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுவது இரண்டிலும் முதல் வேலை.

வங்கிச் செயலியை மட்டும் கட்டாதீர்கள். குறுஞ்செய்தியில் வரும் டிஏசி என்ற ஒருமுறை ஒப்புதல் எண்ணிலிருந்து வங்கிகள் மாற வேண்டும் என்று மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-இல் சொன்னதிலிருந்து, பணப் பரிமாற்றத்துக்கான ஒப்புதல் பெரும்பாலும் வங்கிச் செயலிக்குள்ளேயே வருகிறது. செயலி ஆழ்தூக்கத்தில் இருந்தால் அறிவிப்பு நேரத்துக்கு வராது. கடை முகப்பில் நின்றுகொண்டு 'வரவில்லையே' என்று முழிக்க வேண்டியிருக்கும். அலாரம், மருந்து நினைவூட்டி, வேலைக்கான செய்திச் செயலி ஆகியவற்றுக்கும் இதே பேச்சு.

டார்க் மோடு பற்றி ஒரு வரி: ஓலெட் திரைக்குத்தான் பயன், எல்சிடிக்கு இல்லை. ஓலெட்டிலும், பர்டியூ பல்கலைக்கழகம் 2021-இல் அளந்தபோது, 30 முதல் 50 விழுக்காடு வெளிச்சத்தில் சராசரி மிச்சம் 3 முதல் 9 விழுக்காடுதான். முழு வெளிச்சத்தில்தான் 39 முதல் 47. வீட்டுக்குள் கருப்புத் திரை அழகுக்கு, வெயிலில் பேட்டரிக்கு.

ஹேண்டில்பாரில் வேகும் கைப்பேசி

உணவு விநியோகம் செய்பவர்களின் மோட்டார் சைக்கிளில் கைப்பேசி மாட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். மழைக்காகப் பிளாஸ்டிக் உறை, நேர் வெயில், முழு வெளிச்சம், வழிகாட்டி, ஓயாத டேட்டா, கூடவே சார்ஜ். உள்ளே பிறக்கும் சூடு உறையைத் தாண்டி வெளியே போக வழியில்லை. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வரம்பு 35 டிகிரி செல்சியஸ். கோலாலம்பூரின் சாதாரண மதியமே 32, 33. வரம்பைத் தாண்டியதும் கைப்பேசி திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும். 'சார்ஜர் போட்டும் குறைகிறது' என்பது பெரும்பாலும் சார்ஜரின் கோளாறல்ல.

சூடு அன்றைய தினத்தோடு போவதில்லை. லித்தியம் அயன் பேட்டரி வேகமாகக் கிழடாவது இரண்டும் சேரும்போது: அதிகச் சூடு, முழுச் சார்ஜ். வெயிலில் 100 விழுக்காட்டில் நிற்பதுதான் அதற்கு நரகம். மழை இல்லாதபோது உறையைக் கழற்றுவது, நேர் வெயில் படாத சரிவில் மாட்டுவது, சார்ஜ் வரம்பை 80-இல் நிறுத்திக்கொண்டு 40-க்கும் 80-க்கும் இடையில் ஓட்டுவது ஆகிய மூன்றும் காசில்லாத மருந்து. காரின் டாஷ்போர்டில் விட்டுவிட்டு மாமாக் கடையில் உட்காருவது இதைவிடக் கொடுமை.

20 விழுக்காட்டில் ஏன் அணைகிறது?

கிழட்டு பேட்டரியின் உட்தடை ஏறிவிடும். கேமராவைத் திறந்தாலோ சிக்னல் பலவீனமான இடத்தில் அழைத்தாலோ ஒரு கணம் மின்னோட்டம் துள்ளும்; அப்போது மின்னழுத்தம் சட்டென்று சரிந்து கைப்பேசி அணையும். சார்ஜரில் போட்டால் மறுபடி 18 காட்டும். இப்படி அணைவதைத் தடுக்கத்தான் ஆப்பிள் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. அதை 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டபோது பெரிய சர்ச்சையானது. இந்த நிலைக்கு வந்த கைப்பேசியில் செயலிகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஐபோனில் பேட்டரி ஹெல்த் பக்கமும், சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் செயலியின் பரிசோதனையும் நிலையைக் காட்டும். ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழுச் சுற்றுக்கும், 15 முதல் 1000 சுற்றுக்கும் பிறகு 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்கிறது ஆப்பிள். 80-க்குக் கீழே போயிருந்தால் மாற்றுவதுதான் வழி.

கோலாலம்பூர் லோ யாட்டிலோ பினாங்கு பிரங்கின் மாலிலோ பேட்டரியை மாற்றக் கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: பேட்டரி அசலா, உத்தரவாதம் எத்தனை மாதம்? ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல், அசலல்லாத பேட்டரி போட்டால் செட்டிங்ஸில் 'அன்நோன் பார்ட்' என்று செய்தி வரும். கடைக்காரர் முன்னாலேயே திறந்து பார்த்துவிடலாம். பின்மூடி தூக்கிக்கொண்டோ திரை ஓரத்தில் பிளந்தோ இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அழுத்திப் பார்க்காமல், சார்ஜில் போடாமல், அணைத்து எடுத்துப் போங்கள். குப்பைத் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.